குக்கர் பருப்பும் ஜெட் என்ஜின் கணக்கும்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஜெட் என்ஜின் செயல்திறனைக் கணினியில் கணக்கிடும் தலைப்பை எடுக்கப்போகிறீர்களா? முதலில் கால்குலேட்டரை எடுங்கள். நான் எடுக்கவில்லை. ஜூலை மழையில், மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த உதகை வீட்டில், நேராகப் பைத்தான் நிரல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒற்றைத் தண்டு டர்போஜெட்: காற்றை அழுத்தும் கம்ப்ரசரும், எரிந்த வாயுவால் சுழன்று அதை ஓட்டும் டர்பைனும் ஒரே தண்டில் இருக்கும் ஜெட் என்ஜின். அழுத்த விகிதம் 10 (கம்ப்ரசர் காற்றழுத்தத்தைப் பத்து மடங்காக்கும்), உள்ளே வரும் காற்று 288 கெல்வின், கம்ப்ரசரின் செயல்திறன் 0.85. கம்ப்ரசரைவிட்டு வெளிவரும் காற்று 516 கெல்வின் என்றது நிரல். வரைபடங்கள் அவ்வளவு அழகாக வந்தன! அதை நம்பி அறிக்கையில் பாதியை எழுதி முடித்தேன்.

மின்சாரம் இல்லாத ஓர் இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையால் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. இழப்பே இல்லாத கம்ப்ரசரில்கூடக் காற்று 556 கெல்வினுக்குச் சூடாகும். இழப்புள்ள கம்ப்ரசர் அதைவிடச் சூடாக அல்லவா தள்ள வேண்டும்? வெப்பநிலை உயர்வான 268-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறேன். வகுத்தால் உயர்வு 315, விடை 603. பெருக்க வேண்டியது டர்பைனில். போதாக்குறைக்கு, எரிந்த வாயுவுக்கும் குளிர்காற்றின் தன்வெப்பமான (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 1005-ஐயே போட்டிருந்தேன். 1148 என்று மாற்றினேன். கம்ப்ரசர் கேட்கும் வேலையை டர்பைன்தான் தர வேண்டும். எரிபொருளின் எடையை விட்டுவிட்டால், டர்பைனில் வெப்பநிலை சுமார் 276 கெல்வின் இறங்கும். கையால் போட்ட இந்த ஒரு கணக்கு நோட்டில் இருந்தால் போதும், நிரல் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

பழகிப் பார்க்க நாசாவின் என்ஜின்சிம் என்ற ஜெட் என்ஜின் நிரல் நல்லது. என்ஜின் எந்த நிலைக்காக வடிவமைக்கப்பட்டதோ அதைவிட்டு நகர்ந்தால், காற்றோட்டம், அழுத்த விகிதம், செயல்திறன் மூன்றையும் காட்டும் கம்ப்ரசர் வரைபடமும், சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூட்டன்-ராப்சன் முறையும் வேண்டியிருக்கும். அது தனிக் கதை.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் மடிக்கணினியைத் திறக்கவே சொல்லவில்லை. “இதே என்ஜினை உதகையில் ஓட்டினால் உந்துவிசை கூடுமா, குறையுமா?” என்றார். குளிர்காற்று அடர்த்தியானது என்று படித்த நினைப்பில், “கூடும் சார்” என்றேன்.

“உங்கள் வீட்டில் துவரம்பருப்பை எதில் வேகவைக்கிறார்கள், தம்பி?”

“குக்கரில்...” என்று சொல்லும்போதே உறைத்துவிட்டது.

உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே ஏறத்தாழ 77. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எப்படி மசியும்? கம்ப்ரசர் வரைபடத்தில் அதே புள்ளியில் நின்றால், என்ஜினுக்குள் போகும் காற்று அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறையும். குளிரால் கூடுவதோ வெப்பநிலையின் வர்க்கமூல அளவுக்குத்தான். அழுத்தம் 24 சதவீதத்தைப் பிடுங்கிக்கொள்ள, 15 டிகிரி 5 டிகிரியாக இறங்கினாலும் குளிர் திருப்பித் தருவது 2 சதவீதம்கூட இல்லை. ஆக, உந்துவிசை குறையத்தான் செய்யும்.

என் நிரலில் வெளியழுத்தத்தை மாற்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றையே சுவாசித்தவன், அந்த வரியில் ஒருமுறைகூட 77 என்று போட்டு ஓட்டிப் பார்க்கவில்லை.