ஜூன் மாதத்துக் கேள்வித்தாள்

“போன மாசம் தேன் வித்து எவ்வளவு கெடச்சுது?”

குமரி மாவட்டத்தில் அருமனையைத் தாண்டி, ரப்பர் விளைக்கு நடுவே இருந்த ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். என் பக்கத்தில் இருந்த வெளிநாட்டு மாணவி டேப்லெட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் படித்தாள், நான் தமிழில் சொன்னேன். வீட்டுக்கார அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், “ஒண்ணும் இல்ல மக்களே” என்றார். மாணவி பூஜ்யம் போட்டாள். அன்றைக்கு ஏழு வீடு ஏறி இறங்கினோம். ஏழிலும் பூஜ்யம்.

சாயங்காலம் குலசேகரத்தில் டீ குடிக்கும்போது அவள் முகம் வாடிப் போயிருந்தது. “இந்தத் தேன் சங்கத்துக்காரர்கள் பல வருஷமாகத் தேன் வாங்கி விற்கிறோம் என்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குக்கூட ஒரு ரூபாய் வரவில்லையே?” என்று கேட்டாள். அறிக்கையில் என்ன எழுதுவது என்ற கவலை அவளுக்கு. கடைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாதம் ஜூன்.

என் வேலை இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் குழுவாக, நான்கு வாரம், ஆறு வாரம் என்று நம் மாவட்டத்துக்கு வருவார்கள். லாபத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளாமல் மக்கள் வருமானத்துக்காகத் தொழில் நடத்தும் அமைப்புகள் இங்கே இருக்கின்றன. தேன், கருப்பட்டி, பனையோலைப் பொருள், தையல் என்று. ஊர்க்காரர்கள் வாயில் அவை ‘சங்கம்’. அவை சொல்வது உண்மையில் நடக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுதுவது மாணவர்களின் படிப்பில் ஒரு பகுதி. நான் கூடவே போய் வழிகாட்டுவேன், மொழிபெயர்ப்பேன், கேள்வித்தாளைத் தமிழில் ஆக்குவேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் கணக்கெடுக்க வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனதில் ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை.

அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். அந்த இளம் இலையின் காம்பு நுனியில் ஓர் இனிப்பு நீர் சுரக்கும். பூவுக்குப் போகாமல் தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. ஜனவரிக் கடைசியில் தொடங்கும் இந்த வரத்து மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு தேனீக்கள் வெளியே போய்த் தேட ஒன்றும் கிடைக்காது. தேன்காரர்கள் சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டங்களைக் காப்பாற்றுவார்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு வரவே கிடையாது, கையில் இருப்பதும் சர்க்கரைக்குப் போகும்.

தேன் மட்டுமல்ல. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகுகளைக் கட்டிப் போட்டிருப்பார்கள். பனையில் பதநீர் இறக்கும் அக்கானிப் பருவமும் ஓய்ந்து, கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளில் அடுப்பு அணைந்து கிடக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறை விடுவதோ சரியாக அப்போதுதான். தேன், மீன், பனை மூன்றும் அடங்கிக் கிடக்கும் நேரம் பார்த்து வந்து, போன மாதம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறோம்.

கிராமத்தைப் பார்க்க வருகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை, பயணத்துக்குத் தோதான வெயில் காலத்தில்தான் வருகிறார்கள், அதனால் மழைக்காலத்துக் கஷ்டம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்று கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே எழுதிவிட்டார். மாணவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எங்கள் ஊரில் நடப்பது தலைகீழ். அவர்கள் மழையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள் காலையில் மாணவியைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். “அம்மா, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் முதல்ல தேன் எடுத்தது எப்பம்?” என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய், சுவரில் தொங்கிய ஒரு கம்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கடைகளில் பில்லைக் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பி. அதில் தினசரிக் காலண்டர் தாள்கள் கனமாகக் கோத்திருந்தன. சபையில் கொடுக்கும் காலண்டர். ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் வேத வசனம், பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் கணக்கு. எத்தனை கிலோ, யாருக்குக் கொடுத்தது, பணம் வந்த தேதி. மழைக்காலத் தாள்களில் ‘சீனி 5 கிலோ’, ‘சீனி 3’, ‘பெட்டிக் கால் மாத்தினது’.

அந்தத் தாள்களை மாணவி திண்ணைத் தரையில் மாதவாரியாகப் பரப்பினாள். காற்றில் பறக்காமல் இருக்க அம்மா ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். மதியம் வரைக்கும் மூன்று பேரும் குனிந்தே இருந்தோம். இரண்டு வருஷத்து வரவு செலவு அந்தத் திண்ணையில் கிடந்தது. எந்தப் பல்கலைக்கழகப் படிவமும் அவ்வளவு சுத்தமான கணக்கைத் தந்திருக்காது.

கணக்கு முடிந்ததும் எங்களைத் தேன்பெட்டிப் பக்கம் கூட்டிப் போனார். பெட்டிகளின் கால்கள் எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நின்றன. ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு சிரட்டையில் சர்க்கரைப் பாகு, அதன்மேல் நாலைந்து ஈர்க்குச்சிகள் மிதந்தன. தேனீக்கள் முங்கிச் சாகாமல் நின்று குடிக்க அந்தக் குச்சி. “இத வச்சாத்தான் தையில கூட்டம் பெலமா இருக்கும்” என்றார். அந்தச் சர்க்கரைக்கு எங்கள் கேள்வித்தாளில் இடமே இல்லை. அன்று இரவே மாணவர்கள் தாளை மாற்றினார்கள். ‘கடந்த மாதம்’ போய், ‘கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை’, ‘ஈஸ்டரிலிருந்து ஓணம் வரை’ என்று வந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதில் சொல்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் பல குழுக்கள் வருகின்றன. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஒப்புதல் படிவத்தை நான் வாசித்துக் காட்டத் தொடங்கினால், “கொண்டாங்க, நானே பாக்கேன்” என்று கண்ணாடியைத் தேடுவார்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை நான் எழுதிய படிவத்தில் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு, “இதுல ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’னு போட்டிருக்கே, விலகினா நான் சொன்னத அழிப்பீங்களா?” என்று கேட்டார். அருமையான கேள்வி. மாணவர்களிடம் பதில் இல்லை. பேராசிரியருக்கு மெயில் அனுப்பி, அழிப்போம் என்று உறுதி வாங்கிய பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உறுத்தலாக இருப்பது மொழிபெயர்ப்புதான். “சங்கம் கொடுக்கிற விலை எப்படி?” என்று கேட்டோம். அந்தத் தேன்கார அம்மா, “குறை சொல்ல முடியாது” என்றார். நான் ஆங்கிலத்தில் ‘திருப்தியாக இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டேன். தமிழில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும், குறை சொல்ல முடியாது என்றால் குறை இல்லை என்று பொருள் இல்லை. சொல்லும்படியான இடத்தில் நான் இல்லை என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. எங்களைக் கூட்டி வந்த அமைப்பின் ஊழியர் வாசல்படியிலேயே நின்றிருந்தார். எனக்கு அது தெரிந்தும், வாய்க்கு எளிதான சொல்லைச் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது கிணற்றடியில் கை கழுவப் போனேன். அம்மா தண்ணீர் ஊற்றியபடியே மெல்லிய குரலில் சொன்னார். விலை நல்ல விலைதானாம். பணம்தான் கைக்கு வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகிறதாம். ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதே நேரம் சர்க்கரையும் வாங்க வேண்டும். வியாபாரி கிலோவுக்குக் குறைத்துத்தான் கொடுப்பான், ஆனால் முன்பணமாகவே தந்துவிடுவான். அதனால் தேனில் பாதி வியாபாரிக்குப் போகிறது. “இத அந்தப் பிள்ளைட்ட சொல்லிராதீங்க மக்களே, சங்கத்துக்காரங்க நல்லவங்க” என்றார்.

அன்றிரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. சொன்னால் அந்த அம்மாவின் நம்பிக்கையைக் கெடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் மாணவர்களின் அறிக்கை பொய்யாகிவிடும், அமைப்புக்கும் தன் குறை தெரியாமலே போகும். கடைசியில் அவர் சொன்னதைச் சொல்லாமல், என் மொழிபெயர்ப்பு தவறு என்பதை மட்டும் மாணவியிடம் சொன்னேன். அந்தப் பதிலின் தமிழ் வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, இரண்டு அர்த்தத்தையும் குறிக்கச் சொன்னேன். பிறகு அமைப்பின் ஊழியரிடம், அடுத்த நாளிலிருந்து எங்களை ஜங்ஷனில் இறக்கிவிட்டால் போதும், வீட்டுக்கு நாங்களே போய்க்கொள்கிறோம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மனம் வருந்தவில்லை. அதற்கப்புறம் பதில்களில் ‘பணம் லேட்’ என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்தே வரத் தொடங்கியது.

மாணவர்களுக்கு ஆகக் கஷ்டமான கேள்வி வேறு. இந்த அமைப்பு இல்லாவிட்டால் இவர்கள் நிலை என்ன ஆகியிருக்கும்? சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆட்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் முறைக்காகவே 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. சில டஜன் தேன்காரர்களை வைத்துக்கொண்டு, ஆறு வாரத்தில், அதைச் செய்ய முடியாது. சரி, பேச்சிலாவது கேட்போம் என்று கேட்டால் இங்கே வரலாறு குறுக்கே வருகிறது. இந்த மாவட்டத்துக்குத் தேன்பெட்டியும் புதிதல்ல, சமூகத் தொழிலும் புதிதல்ல. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் விடுதலை வாங்கியிருக்கிறார்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அப்புறம் 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோயிற்று.

அந்த அம்மாவின் வீட்டிலும் அப்போது பெட்டி எல்லாம் காலி. காலிப் பெட்டியில் விறகு அடுக்கி வைத்தார்களாம். திரும்ப எப்படி ஆரம்பித்தீர்கள் என்று மாணவி கேட்டபோது, மலையோரத்தில் இருந்த தம்பி வீட்டில் தப்பிப் பிழைத்த ஒரே கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து ஆரம்பித்ததாகச் சொன்னார். அதில் எந்த அமைப்புக்கும் பங்கில்லை. ‘இக்குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் அளித்தோம்’ என்று அமைப்பின் துண்டுப்பிரசுரத்தில் இருந்த வரியை மாணவர்கள் அன்றைக்கே அடித்துவிட்டார்கள். அமைப்பு செய்தது வேறு, அதுவும் சின்ன விஷயமில்லை. ரப்பர் தேனில் ஈரம் அதிகம். ஈரம் பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, தாண்டினால் சீக்கிரம் புளித்தும் போகும். ஈரத்தை அளந்து, குறைத்து, பாட்டிலில் அடைத்து விற்கும் வேலையை ஒரு தனிக் குடும்பத்தால் செய்ய முடியாது. அறிக்கையில் அந்தப் பகுதியைத்தான் நான் இன்றும் திரும்பப் படிப்பேன், அமைப்பின் பங்கை அதில் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

கடைசி நாள் முடிவுகளை ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். அதற்கு ஒத்துக்கொள்ளாத குழுவோடு இப்போதெல்லாம் போவதில்லை. சபை மண்டபத்தில், ஒரே ஒரு பக்கம், தமிழில். அன்று மாணவி நான் எழுதிக்கொடுத்ததை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார்.

“சீனிச் செலவக் கழிச்சிட்டுத்தான் போட்டிருக்கியளா?”

கழித்திருந்தார்கள்.

“எங்க ரெண்டு பேரு கூலி?”

அதைக் கழிக்கவில்லை. அங்கேயே, கரும்பலகையில், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். லாபம் நன்றாக இறங்கியது. பெரியவர் விடவில்லை. அமைப்பின் தலைவர் முன்வரிசையில் இருந்தார், அவரைப் பார்த்தே சொன்னார்: “விலையில குத்தம் இல்ல சார். பணம் பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்னால வரணும்.” மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கிணற்றடியில் என் காதில் சொன்ன அந்த அம்மாவும் ஆட்டினார். தலைவர் குறித்துக்கொண்டார். கடைக்காரர்கள் தனக்குப் பணம் தருவதே தாமதம் என்பதை எழுந்து நின்று விளக்கினார். அந்தக் கணக்கும் அதுவரை ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

அடுத்த பிப்ரவரியில் வேறு வேலையாக அருமனைப் பக்கம் போனபோது அந்த வீட்டில் இறங்கினேன். ரப்பர் எல்லாம் செந்துளிராக நின்றது. அம்மா கம்பியை எடுத்து வந்து மேலே இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். ‘8 கிலோ. சங்கம். பாதி கையில. பாதி பாக்கி.’ அதைப் படம் எடுத்து மாணவிக்கு அனுப்பினேன். அங்கே அப்போது நடுராத்திரி. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது, மீதிப் பாதி எப்போது வரும் என்று கேட்டிருந்தாள். அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன்: ஈஸ்டருக்கு முன்னால் என்று சொல்லியிருக்கிறார்களாம்.