'ஆள் இல்லை'ன்னு போட்ட அன்னைக்கு அம்மா திண்ணையிலதான் உக்காந்திருந்தாங்க

தீபாவளி சேல் முடிஞ்ச சமயம், அப்பாவுக்கு திருநெல்வேலில முட்டி மாத்துற ஆபரேஷன் நடந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை டிஸ்சார்ஜ். குத்த வச்சு உக்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், எங்க வீட்ல இருக்கிறதோ இந்தியன் டாய்லெட். அதனால ஆபரேஷனுக்கு முந்தின நாள் திங்கட்கிழமையே சென்னைல இருந்து ஆன்லைன்ல ஒரு கமோடு சேர் ஆர்டர் போட்டுட்டேன், 3,150 ரூபா, யுபிஐல முழுசா கட்டியாச்சு. வியாழக்கிழமை வந்துரும்னு ஆப்ல போட்டிருந்துச்சு. அப்பா வீட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சேர் வந்துரும், நிம்மதின்னு நினைச்சேன்.

எங்க ஊரு கோவில்பட்டிலேர்ந்து இருபது கிலோமீட்டர் உள்ள, காலைலயும் சாயங்காலமும் ஒரு டவுன் பஸ், நடுவுல ஒரு மினி பஸ், அவ்வளவுதான். ஆனா பின்கோடு போட்டு பாத்தா டெலிவரி உண்டுன்னுதான் காட்டும், இதுக்கு முன்னாடி சின்னச் சின்ன சாமான் எல்லாம் ஒழுங்கா வந்திருக்கு.

வியாழக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு 'அவுட் ஃபார் டெலிவரி'ன்னு மெசேஜ். அம்மாட்ட சொன்னேன். ஆஸ்பத்திரில சித்தப்பா துணைக்கு இருந்ததால அம்மா இதுக்காகவே பஸ் ஏறி ஊருக்கு வந்து திண்ணையில உக்காந்துட்டாங்க, பெரிய பெட்டியா வரும் தெருவுல வச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயம். மத்தியானம் கூட உள்ள போய் படுக்கல, சொளகுல உளுந்த வச்சு புடைச்சுக்கிட்டே தெருவையே பாத்துட்டு இருந்தேன்னு சொன்னாங்க. சாயங்காலம் 7.20க்கு எனக்கு மெசேஜ் வருது, டெலிவரி செய்ய முயற்சித்தோம், கஸ்டமர் வீட்டில் இல்லை.

எனக்கு போன் வரல. மாத்து நம்பரா அம்மா நம்பர் குடுத்திருந்தேன், அதுக்கும் வரல. தெருவுக்கே எந்த வண்டியும் வரல.

வெள்ளிக்கிழமை அதே மாதிரி, இந்த தடவ 'கஸ்டமர் போன் எடுக்கவில்லை'. சனிக்கிழமை அப்பா வந்துட்டார், சேர் வரல. ஞாயிறு எதுவுமே அசையல. அடுத்த திங்கட்கிழமை 'கஸ்டமர் வேறு தேதி கேட்டுள்ளார்'னு போட்டாங்க. நான் யார்ட்டயும் எந்த தேதியும் கேக்கல. மூணு தடவ மூணு காரணம், மூணுமே நாங்கதான் தப்பு பண்ணின மாதிரி.

இதுக்கு நடுவுல வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொன்னாதான் என் கோவம் புரியும். பழைய பிளாஸ்டிக் சேர் ஒண்ணு எடுத்து நடுவுல ஆக்ஸா பிளேடால ஓட்டை போட்டு, ஓரம் குத்தாம இருக்க பழைய வேட்டிய கிழிச்சு சுத்தி வச்சாங்க அம்மா. ஈரத் தரையில அந்த சேரோட கால் நாலும் விரிஞ்சுக்கிட்டே போகும். அப்பா உக்காந்து எந்திரிக்கிற வரைக்கும் அம்மா பின்னாடி நின்னு சேர் முதுகை ரெண்டு கையாலயும் இறுக்கி பிடிச்சுக்கணும், அப்பா தண்ணிப் பைப்பை பிடிச்சுக்குவார். 71 வயசு மனுசன், தையல் இன்னும் பிரிக்கல, வழுக்கி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு சென்னைல ராத்திரி தூக்கமே வராது. அப்பா ரெண்டு நாள் சாப்பாட்டையே குறைச்சுட்டாராம், அடிக்கடி போக வேண்டாம்னு. இத அவர் என்ட்ட சொல்லல, அம்மாதான் சொன்னாங்க.

உடனே கடைல வாங்கியிருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒவ்வொரு நாளும் 'நாளைக்குள் வந்துவிடும்'னு ஆப் சொல்லுச்சு, அதுதான் விஷயம். நாளைக்கு வரப்போற சாமானுக்கு இன்னைக்கு இன்னொரு மூவாயிரம் எதுக்குன்னுதான் யாரும் யோசிப்போம், ஆபரேஷன் செலவு வேற தலைக்கு மேல. டெலிவரிக்கு கிளம்பினத ஆப்ல கேன்சலும் பண்ண விடல. அம்மா தினமும் காலைல போன் போட்டு, "ஏய்யா, இன்னைக்காவது வந்துருமா?"ன்னு கேப்பாங்க.

கஸ்டமர் கேர்ல சாட் பண்ணினா முதல்ல மெஷின் பேசும், அதை தாண்டி ஆள்ட்ட போனா 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 24லிருந்து 48 மணி நேரத்தில் சரியாகிவிடும்'. செவ்வாய்க்கிழமை மட்டும் நாலு பேர்ட்ட பேசினேன், நாலு பேர்ட்டயும் முதல்லேர்ந்து கதை சொல்லணும். ஒருத்தங்க மட்டும் உண்மையிலயே அக்கறையா கேட்டாங்க, ஆனா அவங்களால ஹப்புக்கு (எங்க பக்கத்துப் பார்சல் எல்லாம் வந்து இறங்கி, பிரிச்சு அனுப்புற இடம்) போன் பண்ண முடியாதாம், ஒரு நோட்டு போட்டு விடத்தான் முடியுமாம். புதன்கிழமை காலைல பாத்தா 'ரிட்டர்ன்'. பல தடவ முயற்சி பண்ணியும் டெலிவரி ஆகாததால விற்பனையாளருக்கே திருப்பி அனுப்புறாங்களாம்.

அன்னைக்கு என் மச்சான (சித்தி மக வீட்டுக்காரர்) நேர்ல ஹப்புக்கு அனுப்பினேன். கோவில்பட்டில ஒரு ஷட்டர் கடைதான் ஹப்பு. அங்க போய் மச்சான் வீடியோ கால் போட்டார். பெட்டி அங்கயே இருக்கு! சுவரோரமா, மேல ரெண்டு மூட்டைய ஏத்தி வச்சிருக்காங்க, லேபிள்ல எங்கப்பா பேரு, எங்க ஊரு பேரு, என் போன் நம்பர் எல்லாம் தெளிவா படிக்க முடியுது. ஒரு வாரமா அந்த இடத்தை விட்டு அது நகரவே இல்லன்னு பாத்தாலே தெரியுது, மேல அவ்வளவு தூசி. குடுங்கன்னு கேட்டா, "அண்ணே, சிஸ்டத்துல ரிட்டர்ன் விழுந்துருச்சு, இனி நான் குடுத்தா என் கணக்குல பிடிச்சுருவாங்க"ன்னு அங்க இருந்த தம்பி சொல்லிட்டார். ஐடி காட்டுறோம், எழுதி கையெழுத்து போட்டு தர்றோம்னு சொல்லியும் முடியல. இருபது கிலோமீட்டர் தள்ளி எங்கப்பா பைப்பை பிடிச்சு எந்திரிச்சுட்டு இருக்கார், அவருக்கு வேண்டியது கண்ணு முன்னாடி இருக்கு, கைல வாங்க முடியல. அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துருச்சு.

எங்க ஊர் பக்கம் டெலிவரி பாக்குற தம்பிய மச்சான் வெளில டீக்கடைல வச்சு கேட்டிருக்கார். அவர் சொன்னது இதுதான். அவர்ட்ட இருக்கிறது பைக், முதுகுல ஒரு பை. பெட்டி எட்டு ஒம்போது கிலோ, பையில நுழையாது, பின்னாடி கட்டினா மத்த பார்சல் எதையும் எடுக்க முடியாது. ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் கூலி, பெட்ரோல் அவர் காசு, அந்த ஒரு பெட்டிக்காக நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வந்தா கைக்காசுதான் போகும். பெரிய சாமானுக்கு வர வேண்டிய லோடு வண்டி தீபாவளி நெருக்கடில டவுனை தாண்டி வரவே இல்ல. ஆனா சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது டெலிவரி ஆகாத ஒவ்வொண்ணுக்கும் ஏதாவது ஒரு காரணத்தை அமுக்கியே ஆகணும், அந்த லிஸ்ட்ல 'வண்டில ஏத்த முடியல'ன்னு ஒண்ணு கிடையாதாம். ஆள் இல்லை, போன் எடுக்கல, அட்ரஸ் சரியில்ல, வேற தேதி கேட்டார், இப்படித்தான் இருக்காம். "வேற எதை அமுக்கண்ணே"ன்னு கேட்டிருக்கார். அந்த தம்பி மேல எனக்கு இருந்த கோவம் அதோட போச்சு. அந்த லிஸ்டை அப்படி எழுதி வச்சவங்க மேலதான் கோவம், பெட்டிய வாங்கும்போதே இந்த ஊருக்கு இவ்வளவு பெருசு கொண்டு போக வழி இல்லன்னு தெரிஞ்சும் காசை வாங்கிட்டு தேதி குடுத்தாங்க பாருங்க, அவங்க மேலதான்.

மறுநாள் வியாழக்கிழமை மச்சானே கோவில்பட்டில ஒரு சர்ஜிக்கல் கடைல 3,600 ரூபாய்க்கு சேர் வாங்கி மினி பஸ்ல ஏத்திவிட்டார். அரை மணி நேரத்துல முடிஞ்ச வேலை. அஞ்சு நாள் அப்பா பட்ட பாடு அதோட தீர்ந்துச்சு.

இனி காசு விஷயம், இதுதான் மத்தவங்களுக்கும் உதவும். பெட்டி விற்பனையாளர் கைக்கு திரும்பிப் போன பிறகுதான் ரீஃபண்டுன்னாங்க, எப்ப போகும்னு கேட்டா தெரியாது. ஈ-காமர்ஸ் சம்பந்தமா 2020ல மத்திய அரசு போட்ட நுகர்வோர் விதிகள் இருக்கு. அதுப்படி ஒவ்வொரு ஆன்லைன் கம்பெனியும் ஒரு குறைதீர் அதிகாரி பேரையும் தொடர்பு விவரத்தையும் சைட்ல போட்டே ஆகணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில் குடுக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அதே விதில இன்னொண்ணும் இருக்கு, சொன்ன தேதிக்கு அப்புறம் சாமான் வந்தா விற்பனையாளர் அதை திருப்பி எடுக்கவோ காசை திருப்பித் தரவோ மாட்டேன்னு சொல்ல முடியாது, வெள்ளம் புயல் மாதிரி அவங்க கைமீறின காரணமா இருந்தா ஒழிய. ஆப்ல தேடினா அந்த அதிகாரி விவரம் அடியில சின்ன எழுத்துல கிடக்கும், பொறுமையா தேடணும்.

புதன்கிழமை ராத்திரியே அவருக்கு மெயில் போட்டிருந்தேன். திட்டி எதுவும் எழுதல, தேதி வாரியா எழுதினேன், கூடவே மூணு மெசேஜோட ஸ்கிரீன்ஷாட், அந்த மூணு நாளும் என் போனோட கால் லிஸ்ட், அம்மா போனோட கால் லிஸ்ட் (பக்கத்து வீட்டுப் பாப்பா எடுத்து அனுப்புச்சு), ஹப்புல தூசியோட கிடந்த பெட்டி போட்டோ. தயவுசெஞ்சு எல்லாரும் இத அன்னன்னைக்கே எடுத்து வச்சுக்கோங்க, நாள் ஆச்சுன்னா பழைய ஸ்டேட்டஸ் எல்லாம் ஆப்ல மாறிடுது.

வெள்ளிக்கிழமை பதில் வந்துச்சு, ஆனா அதே பழைய பாட்டுதான், ரிட்டர்ன் போய் சேரட்டும்னு. அதனால திங்கட்கிழமை 1915க்கு அடிச்சேன், தேசிய நுகர்வோர் உதவி எண். காலைல 8 மணிலேர்ந்து ராத்திரி 8 வரைக்கும் எடுக்கிறாங்க, தமிழ்லயே பேசலாம். பத்து நிமிஷம் ஆச்சு, புகார் நம்பர் குடுத்தாங்க. இவங்க தீர்ப்பு சொல்ற இடம் இல்ல, கம்பெனிக்கு புகாரை அனுப்பி பதில் வாங்குவாங்க, அவ்வளவுதான், ஆனா அதுக்கே அசைஞ்சாங்க. அப்படியும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இ-ஜாக்ருதின்னு சைட் இருக்கு, வீட்ல இருந்தே பதியலாம். நான் அங்க போட எல்லாம் எழுதி ரெடியா வச்சிருந்தேன்.

வியாழக்கிழமை கம்பெனிலேர்ந்து அவங்களாவே போன் பண்ணினாங்க. முதல்ல 250 ரூபா கூப்பன் தர்றோம், புகாரை முடிச்சுக்கலாமான்னு கேட்டாங்க. கூப்பன் வேண்டாம், என் காசை குடுங்க, அப்புறம் அந்த மூணு காரணமும் தப்புன்னு எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். சனிக்கிழமை, ஆர்டர் போட்ட இருபதாவது நாள், 3,150ம் கணக்குல ஏறிடுச்சு. எழுத்துல மட்டும் கடைசி வரைக்கும் தரல, 'டெலிவரியில் ஏற்பட்ட தாமதம்'னுதான் மெயில்ல போட்டாங்க. அம்மாவுக்கு அதுதான் இன்னும் ஆறல. காசு வந்துருச்சும்மான்னு சொன்னா, "அது சரிய்யா, நான் வீட்லதான இருந்தேன், இல்லன்னு எப்படி எழுதலாம்"னு கேக்கிறாங்க.

அந்த டெலிவரி தம்பி நம்பர மச்சான் வாங்கி வச்சிருந்தார். போன மாசம் அப்பாவுக்கு முட்டி பெல்ட் ஒண்ணு ஆர்டர் போட்டேன், சின்ன பார்சல்தான். அவரே எனக்கு போன் பண்ணி, "அண்ணே, இன்னைக்கு உங்க ஊருக்கு ஒரு பார்சல்தான் இருக்கு, மினி பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விடட்டுமா, ஓடிபி மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டார். சரின்னுட்டேன். அப்பா வாக்கரோட மெதுவா ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் அவரே வாங்கிட்டு வந்தார்.