ஒரே ராத்திரியில் விரியும் என்று சொல்லி அனுப்பிய கார்னேஷன் மொட்டுகள்

"ராத்திரி தண்ணியில போட்டு வைங்க சார், காலையில விரிஞ்சிடும்" என்று சொல்லித்தான் கார்னேஷன் பூ மொட்டுகளை விற்றவர்கள் அனுப்பினார்கள். விரியவில்லை. வெறும் தண்ணீரில் ஒரு ராத்திரியில் விரியவும் விரியாது, ஏனென்றால் வெட்டிய மொட்டுக்கு இதழைப் பெரிதாக்கச் சர்க்கரை வேண்டும், செடியோடு இருந்த தொடர்பு போன பிறகு அதை நாம்தான் ஊட்ட வேண்டும்.

அதைவிடக் கடுப்பு, பெட்டியில் பாதிக்கு மேல் கெட்டியான பச்சை மொட்டு. பச்சை உறையின் நுனி பிளந்து இதழின் நிறம் எட்டிப் பார்த்தால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம், நிறமே தெரியாததை நம்பவே முடியாது. போன் போட்டுக் கேட்டால் "எல்லாம் ஒரே ரகம்தான்" என்று பதில். ரகத்தையா கேட்டேன்? வாங்கும் முன்பே மொட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூடவே கொடுத்த பாக்கெட் பொடி விரிந்த பூ வாடாமல் இருப்பதற்கானது, அதில் சர்க்கரை ரொம்பக் குறைவு. மொட்டு திறக்க லிட்டருக்கு 70 கிராம் வரை வேண்டும். ஆனால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து, தண்டின் வாயே அடைத்துக்கொள்ளும், அதனால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிகுயினோலின் சிட்ரேட் என்ற கிருமிநாசினியும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேர்த்தேன். கிருமியைக் கொல்ல அதற்குப் பதில் சில்வர் நைட்ரேட் போடச் சொல்பவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீரில் போட்டால் அது குளோரைடுடன் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து வீணாகிவிடும், அதற்கு உப்பு நீக்கிய தண்ணீரும் பிளாஸ்டிக் வாளியும் வேண்டும்.

தண்டைக் கணுவில் வெட்டாமல் இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டி, வெதுவெதுப்பான கரைசலில் வைத்தேன். அறை 21 முதல் 24 டிகிரிக்குள், ட்யூப்லைட் தினமும் 16 மணி நேரம். சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலில் வைக்கச் சொன்ன புண்ணியவானும் உண்டு, கேட்காதீர்கள், தண்ணீர் இழந்து வதங்கிவிடும்.

நிறம் காட்டிய மொட்டுகள் ஒழுங்காக விரிய ஆரம்பித்தன. அப்புறம் பார்த்தால் கதவோரம் வைத்த வாளியில் மட்டும் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன. பக்கத்து அறையில் யாரோ பழுத்த பழக்கூடைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள்! பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு விஷம். வெட்டியதுமே, எத்திலீன் பூவைத் தாக்காமல் தடுக்கும் சில்வர் தயோசல்பேட் மருந்தைக் கொடுத்தாகிவிட்டது என்று அனுப்பியவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். கொடுத்திருந்தால் இந்த அளவுக்குச் சுருண்டிருக்காது. சுருண்ட பூ திரும்ப விரியாது, அந்த வாளி போயே போச்சு. மற்ற வாளிகளை உடனே நல்ல காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றினேன்.

பாதி விரிந்ததும் எடுத்துக் குளிரில் வைத்துவிடுங்கள், மிச்சத்தைக் குவளையில் அதுவே விரித்துக்கொள்ளும். பச்சை மொட்டுகளில் சில கடைசியில் திறந்தன, ஆனால் பூ சிறுத்து, நிறம் வெளுத்து. திறக்காதவற்றைப் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு அனுப்பிய பிறகுதான் அவற்றுக்கான காசு திரும்ப வந்தது.