கோபியிலிருந்து எடப்பாடிக்கு, காவிரியைத் தாண்டி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எடப்பாடிக்குப் போகிறவர்கள் பவானி, குமாரபாளையம் என்று பஸ் மாறித்தான் போவார்கள். எனக்குக் காவிரியைப் படகில் தாண்ட ஆசை. பவானியில் மேட்டூர் பஸ் ஏறி நெருஞ்சிப்பேட்டையில் இறங்கி, அக்கரையில் பூலாம்பட்டி, அங்கிருந்து எடப்பாடி என்று வழி போட்டுக்கொண்டேன். இந்த இரண்டு ஊரையும் ஒரே மூச்சில் பார்க்க நினைத்ததற்குக் காரணம் அரசியல்தான். அ.தி.மு.க.வின் தலைமைச் சண்டையில் அப்போதைக்குக் கடைசியாக வெளியே போனவர் கோபிக்காரர் செங்கோட்டையன், அனுப்பியவர் எடப்பாடிக்காரர் பழனிசாமி.

2025 டிசம்பர். கோபியைச் சுற்றி எங்கும் பச்சை. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,000 ஏக்கருக்கு மேல் நனைக்கின்றன. அணைக்கட்டில் மீன் வறுவல் வாசனை ஆளை இழுத்தது. காலை ஒன்பது மணிக்கு மீனா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு தட்டு வாங்கினேன். நல்ல காரம்.

ஊருக்குள் டீக்கடையில் பேச்சு தானாகவே கே.ஏ.எஸ். என்கிற செங்கோட்டையன் பக்கம் திரும்பியது. 1977-ல் சத்தியமங்கலத்தில் தொடங்கி ஒன்பது முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஜெயலலிதாவின் பிரசாரப் பயணங்களுக்கு வழித்தடம் போட்டுக் கொடுத்தவர். 2025 பிப்ரவரியில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக எடப்பாடி பழனிசாமிக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு அவர் போகவில்லை, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்றார். செப்டம்பர் 5-ல், பிரிந்தவர்களைச் சேர்க்க பத்து நாள் கெடு வைத்தார். மறுநாளே கட்சிப் பதவி பறிபோனது. அக்டோபர் 31-ல் கட்சியிலிருந்தே நீக்கம். நவம்பர் 27-ல் விஜய்யின் த.வெ.க.வில் சேர்ந்துவிட்டார்.

"எலைக்குப் போட்டுப் பழகின கைங்க இது," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். "எங்காளு இப்ப அக்கட்டால போயிட்டாருங்களே. எலைக்கா, ஆளுக்கான்னு மிசினு முன்னால நின்னாத்தானுங்க தெரியும்."

"எடப்பாடியார் எப்படிங்கய்யா?"

"கெட்டிக்காரருங்க. கட்சியக் கையில வெச்சுக்கறதுல கெட்டிக்காரரு." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் பாராட்டையும் குறையையும் ஒரே வாக்கியத்தில் மரியாதையோடு சொல்லிவிடுவார்கள்.

பஸ் கவுந்தப்பாடியைத் தாண்டியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர். பழனிசாமியும் அரசியலுக்கு முன்னால் வெல்ல வியாபாரம் பார்த்தவர்தான். பவானியில் மேட்டூர் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் 1989 நினைவுக்கு வந்தது. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடங்கிய தேர்தல். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. ஜானகி அம்மாள் ஆண்டிப்பட்டியில் தோற்று, ஒதுங்கினார். கட்சி ஒன்றானது, இலையும் திரும்பியது. அந்தச் சேவலில் முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனவர் எடப்பாடியில் பழனிசாமி. கோபியில் அதே சேவலில் ஜெயித்தவர் செங்கோட்டையன். அன்றைக்குத் தலைவர் யாரென்று தீர்த்துவைத்தது ஓட்டுப்பெட்டி.

இந்த முறை அந்த வேலையைப் பொதுக்குழுவும் கோர்ட்டும் செய்தன. 2017-ல் கைகோத்த பன்னீர்செல்வம், பழனிசாமி இரட்டைத் தலைமை 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவோடு முடிந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து ஏற்பாடு. அதை ஒழித்துவிடவில்லை, வாசலில் காவல் போட்டார்கள். போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் மனு போட்டவர் பழனிசாமி ஒருவரே. சட்டப்படி அதில் ஓட்டை இல்லை. ஆனால் ஜெயிக்கக்கூடிய ஆள் யார் என்ற கேள்வியை அந்த ஏற்பாடு கேட்கவே விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நெருஞ்சிப்பேட்டைத் துறையில் விசைப்படகு காத்திருந்தது. பைக்குகளை முதலில் ஏற்றி, இடுக்குகளில் எங்களை நிறுத்தினார்கள். கதவணை தேக்கிய காவிரி அங்கே கடல் மாதிரி அகலம். பூலாம்பட்டியைக் குட்டிக் கேரளா என்கிறார்கள். எனக்கு அது பூலாம்பட்டியாகவே நன்றாக இருந்தது.

எடப்பாடியில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். ஒரு பட்டறை வாசலில் தண்ணீர் கேட்டேன். உரிமையாளர் நாற்காலியே போட்டுவிட்டார். உள்ளே தறியில் துண்டு ஓடிக்கொண்டிருந்தது, பேச்சைக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எங்க ஊருல அண்ணன் தோப்பாருன்னு நெனைக்காதீங்க," என்றார். நியாயம்தான். 2021-ல் ஆட்சி போனபோதும் இங்கே அவருக்கு 93,802 ஓட்டு வித்தியாசம். கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கே வந்தன. மாநிலம் முழுக்கக் கட்சிக்கு 66.

"அப்புறம் 2024-ல என்னங்க ஆச்சு?"

சற்று யோசித்தார். அந்த மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. கோவையிலேயே மூன்றாவது இடம். "அது டெல்லித் தேர்தலுங்க," என்று ஆரம்பித்தவர், தானே விட்டுவிட்டார். "நீங்க கேக்கறது புரியுதுங்க. இங்க ஜெயிச்சா போதாது. மதுரைப் பக்கம் ஓட்டு வாங்கோணும். அதுக்குத்தான பி.ஜே.பி.யோட மறுபடி சேந்திருக்காங்க." 2023 செப்டம்பரில் முறித்த கூட்டு, 2025 ஏப்ரலில் ஒட்டியது. அதனால் மதுரைப் பக்கம் ஓட்டு கூடுமா குறையுமா என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

"சரிங்க, வேற ஆளைப் போட்டாத்தான் ஜெயிக்கும்னு வெச்சுக்குவோம்," என்று விரலை மடக்கினார். "ஓ.பி.எஸ். வெளிய. டி.டி.வி. தனிக்கட்சி. சின்னம்மா சசிகலா நிக்க முடியாது. செங்கோட்டையன் விஜய்கிட்டப் போயாச்சு. நீங்களே ஒரு பேரு சொல்லுங்க பாக்கலாம்."

சொல்ல ஒரு பெயர் என்னிடம் இல்லை. "வெளிய அனுப்பினது யாருங்க?" என்று மட்டும் கேட்டேன்.

உள்ளே ஒரு தறி நின்றது. "இருங்க, இழை அறுந்துபோச்சாட்டம் இருக்குது," என்று எழுந்து போனார். சங்ககிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து வரேனுங்க என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.