பெரியகுளம் வளைவில் முன் ரயர் பிடித்தது

நேற்றுக் காலை திருகோணமலையில், பெரியகுளத்துக்குப் போகும் கிறவல் பாதையில், அந்த வலப்பக்க வளைவை சைக்கிளில் பிரேக் தொடாமல் எடுத்துவிட்டேன். ஆறு வாரமாக என்னை விழுத்திய வளைவு அது. இரண்டு தரம் முழங்கைத் தோல் போனது, ஒரு தரம் பின் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்தது. நேற்று மூன்று தரம் திரும்பிப் போய் அதே வேகத்தில் எடுத்துப் பார்த்தேன். மூன்று தரமும் சில்லு பிடித்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த இடம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அடியில் சீமெந்து போல இறுகிய கிறவல், மேலே போளை மாதிரி உருளும் பொடிக்கல். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. சாய்த்தால்தான் முன் சில்லு சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வழுக்கும். பின் சில்லு வழுக்கினால் காலை ஊன்றித் தப்பலாம், முன் சில்லு வழுக்கினால் நிலத்தில்தான்.

புது ரயர் வாங்கினால் பின்னுக்குப் போடுவதும் பழையதை முன்னுக்கு மாற்றுவதும் இங்கே எல்லோருக்கும் பழக்கம், பின் ரயர்தானே கெதியாகத் தேயும். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். கனடாவில் இருக்கும் மச்சானோடு கதைத்தபோதுதான் பிழை எங்கே என்று பிடிபட்டது. அவர் ஒன்ராறியோவின் வடபக்கத்தில் இருக்கிறார், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுவார், முன்னால் இரண்டு ஸ்கீயும் (சறுக்குச் சட்டமும்) பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டியும் உள்ள பனி வண்டி அது. ஒரு வருடம் பின் பட்டிக்கு 96 ஆணி அடித்தாராம். அதோடு வண்டி வளைவில் திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டது. பின்பக்கம் பிடித்துத் தள்ளுகிறது, முன்னால் உள்ள ஸ்கீக்கு அந்தளவு கடி இல்லை. ஸ்கீயின் அடியில் ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதில் டங்ஸ்டன் கார்பைட் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். அந்தக் கார்பைட்தான் பனியையும் ஐஸையும் கீறிப் பிடிப்பது. அவர் 4 அங்குலக் கார்பைட்டைக் கழற்றி 6 அங்குலம் போட்டார். வண்டி திரும்பியது. ஆனால் ஹாண்டில் பாரமாகிவிட்டது, முன்னே போன வண்டிகளின் தடத்தில் ஸ்கீ விழுந்து அங்குமிங்கும் இழுக்கவும் தொடங்கியது.

அதற்கு அவர் செய்த வேலையை இரண்டு தரம் சொல்லக் கேட்டேன். ஹாண்டிலை நேராக வைத்து, இரண்டு ஸ்கீயின் மூக்கையும் ரப்பர்க் கயிற்றால் சேர்த்து இழுத்துக் கட்டுவார், மூட்டுகளில் உள்ள தளர்ச்சி போவதற்கு. பிறகு பின் பட்டியோடு ஒரு நேரான சட்டத்தைப் பிடித்து ஸ்கீகளை அளந்து, முன்பக்கம் கொஞ்சம் வெளியே விரிந்து நிற்கும்படி வைப்பார். கால் அங்குலத்துக்கு மேல் போகாது. "முன்னுக்கு எவ்வளவு கடி வேணும் எண்டதை பின்னுக்கு என்ன போட்டிருக்கிறாய் எண்டுதான் முடிவு செய்யோணும்" என்றார். போனை வைத்துவிட்டு என் சைக்கிளைப் பார்த்தேன். பின்னுக்குப் புதிது, முன்னுக்கு ஓரப் பொட்டுகள் (ரயரின் ஓரத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) மழுங்கிய பழையது.

சரி, முன்னுக்குப் புது ரயர் போட்டேன்: மாக்ஸிஸ் மினியன் டி.எச்.எஃப், 29 அங்குலம், 2.3 அகலம். பின்னுக்கு மாக்ஸிஸ் ஐகோன் 2.2. ரியூப்லெஸ் (உள்ளே ரியூப் இல்லாமல்) ஆக்கிய கதையை விடுகிறேன், எல்லோரும் பட்டதுதான். வீட்டுப் பம்பால் ரயர் விளிம்பு ரிம்மில் ஏறவில்லை என்றால் மோட்டார் சைக்கிள் ஒட்டுக் கடைக்குப் போங்கள். பிரெஸ்டா வால்வுக்கு (சைக்கிளின் மெல்லிய வால்வு) சின்னப் பித்தளை அடப்டர் ஒன்றைக் கொண்டுபோனால் போதும். எனக்குக் கடைத் தம்பி ஒரே மூச்சில் ஏற்றித் தந்தார், காசும் வாங்கவில்லை.

நல்ல ரயர் போட்டும் முதல் வாரம் விழுந்தேன். காரணம் காற்று. என் நிறை 71 கிலோ. முன் ரயரில் 26 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற காற்றழுத்த அளவு) வைத்தபோது பொட்டுகள் நிலத்தில் பதியவே இல்லை, ரயர் பொடிக்கல்லின் மேல் மிதந்தது. 24இல் மெதுவாகப் போனால் பிடித்தது. 22இல் வித்தியாசம் கையிலேயே தெரிந்தது, ஹாண்டிலின் அதிர்வு அடங்கிவிட்டது. ஆசையில் 20க்கு இறங்கினேன். சாய்க்கும்போது ரயரின் பக்கச்சுவர் மடிந்து குழைந்தது, ஒரு கல்லில் ரிம் அடித்த சத்தம் வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு அளவுக்கும் அதே வளைவில் ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் அப்பியாசக் கொப்பியில் குறிப்பு. கடைசியில் முன் 21, பின் 24.

இந்த எண்களுக்கு, காற்றழுத்தம் காட்டும் நல்ல கேஜ் வேண்டும். என் பம்பில் உள்ள கேஜ் 20 காட்டும்போது உண்மையில் 25 இருந்தது. அதை நம்பி முதலில் எழுதிய மூன்று வாரக் குறிப்பு முழுக்க வீண். நூறைத் தாண்டும் அளவுகள் கொண்ட முள்ளை நம்பி இருபதுகளில் வேலை செய்யக் கூடாது. தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள், ரயரைவிட முதலில் அதை வாங்குங்கள். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு உவர்மலை வீட்டில் 21 வைத்தால், பத்து மணி வெயிலில் ரயர் சூடாகி 23 காட்டுகிறது. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் ஏறும். அதனால் வெயிலில் ஓடப்போகும் நாட்களில் 20 வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறேன்.

இன்னொன்று, இந்த ரயரை அரைகுறையாகச் சாய்க்கக் கூடாது. நடுப் பொட்டுகளுக்கும் ஓரப் பொட்டுகளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. பயந்து கொஞ்சம் மட்டும் சாய்த்தால் அந்த வெறுமையில்தான் நிற்பீர்கள், வழுக்கும். உடம்பை நிமிர்த்தி வைத்து சைக்கிளை மட்டும் துணிந்து சாய்த்து, வெளிக் கையால் ஹாண்டிலை அமத்தினால் ஓரப் பொட்டுகள் கறுக்கென்று கடிக்கும். அந்த நிமிடத்துக்காகவே இவ்வளவும் செய்யலாம்.

ரயர் எடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். டவுனில் 29க்கு ஓரப் பொட்டு நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் சொல்லிவைத்து, பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். ரயரை மடித்து அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் கையில் கிடைத்தவுடன் விரித்து ஒரு நாள் தொங்கவிடுங்கள். மடிப்பு விழுந்த ரயர் ரிம்மில் ஒழுங்காக ஏறாது. சீலன்ட் (ரயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) இரண்டு போத்தலாக எடுங்கள். எங்கள் சூட்டில் இரண்டு மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடுகிறது, நெருஞ்சி முள்ளோ எந்தக் காலமும் இருக்கிறது.

இனி மிச்சம் உழவு மெசின் தடங்கள். மழையில் உழுது காய்ந்த தடத்தின் விளிம்பில் ஓரப் பொட்டு மாட்டினால் முன் சில்லு தடத்துக்குள் இழுபடுகிறது, மச்சான் சொன்ன அதே இழுவை. 21இல் இழுவை கொஞ்சம் அதிகம், 23இல் குறைவு. ஓரப் பொட்டின் வெளி விளிம்பைச் சின்னக் கட்டரால் சாய்வாக நறுக்கலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் நேற்றுக் கடித்த பொட்டை வெட்டக் கை வரவில்லை. முதலில் பழைய ரயரில் பத்துப் பொட்டை நறுக்கிப் பார்க்கப்போகிறேன். கச்சான் காற்று அடங்கி மாரி தொடங்க முன் முடித்தால்தான் உண்டு, மழை விழுந்தால் அந்தப் பாதை சேறாகிவிடும். சனிக்கிழமை கன்னியாப் பக்கம் போகிறேன், 21உம் 23உம் இரண்டும் வைத்துப் பார்க்க.