கெர்பலில் ஒரு ஆதித்யா எல்1

2024 ஜனவரி 6 அன்று, சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய செயற்கைக்கோளான ஆதித்யா எல்1 தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தியைப் பார்த்ததும், நாமும் ஒன்று அனுப்பிப் பார்ப்போமே என்று, ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் கேமான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராமைத் திறந்து உட்கார்ந்தேன். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, நம்மிடமிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது எல்1 என்ற அந்த இடம். சூரியனுக்குக் கிட்டே இருக்கும் பொருள் பூமியைவிட வேகமாகச் சுற்றி முந்திப் போக வேண்டும், ஆனால் அங்கே பூமியும் பின்னாலிருந்து இழுப்பதால் சூரியனின் பிடி கொஞ்சம் தளர்ந்து, பூமியோடு சேர்ந்தே சுற்றி வரும்.

கேமில் பூமிக்குப் பதில் கெர்பின். கணக்குப் போட்டு, கெர்பினிலிருந்து 1.36 லட்சம் கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோளைக் கொண்டுபோய் வைத்தேன். நிற்கவில்லை! ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தால், பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் முந்திப் போயிருந்தது.

தப்பு என் கணக்கில் இல்லை. இந்த கேமில் ஒரு கப்பலை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வான்பொருள்தான் இழுக்கும். கெர்பினின் ஈர்ப்பு எல்லையைத் தாண்டிய அடுத்த நொடியே கெர்பின் என்று ஒன்று இல்லாத மாதிரி, சூரியன் மட்டும்தான். கோள்களோ ஒன்றையொன்று இழுப்பதே இல்லை, தண்டவாளத்தில் போகும் ரயில் மாதிரி போட்ட பாதையில் போய்க்கொண்டிருக்கும். அப்படி வைத்ததால்தான் நேரத்தை ஒரு லட்சம் மடங்கு வேகமாக ஓட்ட முடிகிறது; கப்பல் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரே சூத்திரம் போதும், படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கெர்பினே ஒரு பெரிய பொய்தான், அது வேறு விஷயம். ஆரம் 600 கிலோமீட்டர், ஈர்ப்பு மட்டும் பூமி அளவு. அப்படியென்றால் பூமியில் கிடைக்கும் எந்த உலோகத்தைவிடவும் இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி! ஆனால் முன்னால் போகும் கப்பலைப் பிடிக்க வேகத்தைக் குறைத்து கீழே இறங்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது எந்த வாத்தியாரும் இல்லை, இந்தப் பொய்க் கோள்தான். அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை.

சரி, எல்லாமே எல்லாவற்றையும் இழுக்கட்டும் என்று பிரின்சிபியா என்ற மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் மென்பொருள்) போட்டேன். அதைச் செய்தவர்கள் கேமில் வரும் ஜூல் என்ற கோளின் நிலாக்களுடைய பாதைகளைக் கொஞ்சம் மாற்றித்தான் தந்திருக்கிறார்கள், ஏனென்றால் அசல் ஏற்பாடு நிஜ ஈர்ப்பில் தாங்காது, சிதறிவிடும்.

இந்தத் தடவை செயற்கைக்கோள் நின்றது. நின்றது என்றால், பென்சில் நுனியில் நிற்கிற மாதிரி. விட்டால் ஒரு பக்கம் சரியும், உடனே தள்ளிவிட வேண்டும். நிஜ ஆதித்யா அந்த இடத்தைச் சுற்றிய முதல் சுற்றை 178 நாளில் முடித்தது, நடுவில் ஒன்றிரண்டு சின்னத் திருத்தங்களோடு. நான் பாதிச் சுற்றுக்குள் பதினொரு தடவை தள்ளி, எரிபொருளைத் தீர்த்துவிட்டேன்.