இங்கே ‘ஒன்று’ என்பது எது? ஒரு காப்பி எடிட்டரின் கேள்விகள்

ஆய்விதழ்களுக்கான காப்பி எடிட்டிங் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறையக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் ஏற்றுக்கொண்ட கட்டுரைகள் இங்கே வந்து, மொழி திருத்தி, பக்கம் கோத்து, ப்ரூஃபாகக் கட்டுரையாளருக்குப் போகின்றன. எந்தக் கட்டுரை யார் தலையில் விழும் என்பது அன்றைய வேலைப்பளுவைப் பொறுத்தது. காலையில் குதிரைப் பயிற்சி, மதியம் பல்லேடியம் உலோக வினையூக்கி, மாலையில் குழந்தைகளின் அறுவைசிகிச்சைக்குப் பெற்றோர் தரும் ஒப்புதல் என்று ஒரே நாளில் மூன்று உலகங்கள் மேசைக்கு வருவது சகஜம். மூன்றையும் படித்தவர் யாரும் கிடையாது. படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது, எதைக் கேட்காமல் விடக் கூடாது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: துறை வல்லுநர்கள் மதிப்பாய்வு செய்து ஏற்றுக்கொண்ட கட்டுரைதானே, இதில் நமக்கு மிச்சம் என்ன இருக்கும்? இருக்கும். மதிப்பாய்வாளர் வாதம் நிற்கிறதா என்று பார்க்கிறார். சுருக்கத்தில் 52 என்றும் அட்டவணையில் 49 என்றும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் இல்லை.

தொடக் கூடாததிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பாடம்தான் இந்தத் தொழிலுக்கு முதல் எதிரி. வினையூக்கிக் கட்டுரையில் ‘கன்வெர்ஷன்’ பத்து முறை வருகிறது, அலுப்பாக இருக்கிறது என்று ஓரிடத்தில் ‘யீல்டு’ என்று மாற்றினால் கட்டுரையே பொய்யாகிவிடும். கன்வெர்ஷன் என்பது மூலப்பொருளில் எவ்வளவு தீர்ந்தது என்பது. யீல்டு என்பது நமக்கு வேண்டிய பொருளாக எவ்வளவு வந்தது என்பது. 80 சதவீதம் தீர்ந்து, அதில் 90 சதவீதம் மட்டும் வேண்டிய பொருளாகியிருந்தால் யீல்டு 72 சதவீதம். ஒப்புதல் பற்றிய கட்டுரையிலும் இதே ஆபத்து. ‘கன்சென்ட்’ சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்புதல். ‘அசென்ட்’ சட்டப்படி ஒப்புதல் தர முடியாத குழந்தை தன் அளவில் தெரிவிக்கும் இசைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1995-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இதில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கிறது: பெற்றோர் தருவது அனுமதி. மூன்றில் எதைக் கட்டுரை சொல்கிறதோ அதைத்தான் கடைசி வரை சொல்ல வேண்டும்.

குதிரைக் கட்டுரைகளில் மாட்டிக்கொள்வது வேறு மாதிரி. அங்கே ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ என்று வந்ததும் தண்டனை என்று நினைத்து, சுற்றியுள்ள வாக்கியங்களைக் கடுமையாக்கி விடுவார்கள். உண்மையில் அது கடிவாளத்தை இழுத்துப் பிடித்து அழுத்தம் கொடுத்து, குதிரை நின்றதும் அந்த அழுத்தத்தை விடுவது. குதிரை கற்றுக்கொள்வது விடும் அந்த நொடியில்தான். அதனால் ‘அழுத்தம் எப்போது விடப்பட்டது’ என்ற விவரம் செய்முறைப் பகுதியில் இல்லாவிட்டால் கேட்டாக வேண்டும். அது இல்லாத சோதனையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

அதைவிட நுணுக்கமானது உயரக் கணக்கு. குதிரையின் உயரத்தை ‘ஹேண்ட்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. 14.2 ஹேண்ட் என்று எழுதியிருந்தால் அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 14 ஹேண்டும் 2 அங்குலமும் என்று பொருள். மொத்தம் 58 அங்குலம், 147.3 செ.மீ. கால்குலேட்டரில் 14.2-ஐ 10.16-ஆல் பெருக்குகிறவருக்கு 144.3 வரும். 3 செ.மீ. வித்தியாசம் பெரிதா என்றால், ஆம். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி லாடம் இல்லாமல் 148 செ.மீ. வரைதான் ‘போனி’ எனும் குட்டைக் குதிரை, எல்லைக்கு அருகே 3 செ.மீ. வகையையே மாற்றிவிடும். புள்ளிக்குப் பின்னால் 4-ஓ அதற்கு மேலோ வந்தால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் 4 அங்குலம் சேர்ந்தால் அடுத்த ஹேண்ட் ஆகிவிடுகிறதே. 14.3, 15.1 என்று இரண்டு குதிரைகளின் சராசரியை 14.7 என்று போட்டிருந்தால் அப்படி ஓர் உயரமே கிடையாது. அங்குலத்தில் 59-உம் 61-உம், சராசரி 60, அதாவது 15 ஹேண்ட். சராசரி உயரம் 14.63 என்று அட்டவணையில் நின்றால், யாரோ எக்செலில் போட்டுச் சராசரி எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வேதியியல் கட்டுரைகள் இந்த விதத்தில் கருணையுள்ளவை. பெரும்பாலான எண்களை அந்தப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடலாம். வினையூக்கி 0.5 மோல் சதவீதம், யீல்டு 92 சதவீதம் என்றால் டர்ன்ஓவர் எண், அதாவது வினையூக்கியின் ஒரு மூலக்கூறு எத்தனை பொருள் மூலக்கூறுகளை உருவாக்கியது என்பது, 92-ஐ 0.5-ஆல் வகுத்து வரும் 184. 1840 என்று அச்சில் இருந்தால் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது, அல்லது வினையூக்கி அளவு உண்மையில் 0.05. வினை 4 மணி நேரம் ஓடியிருந்தால் சராசரி டர்ன்ஓவர் வேகம் மணிக்கு 46. ஒரே மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்களின் விகிதம் 97-க்கு 3 என்றால் ஒன்று மற்றதைவிட மிகுந்திருப்பது 94 சதவீதம். 97 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. வினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் அர்ரீனியஸ் வரைபடத்தின் கிடை அச்சில் வெப்பநிலையின் தலைகீழ் இருக்க வேண்டும், அதுவும் கெல்வினில். செல்சியஸில் போட்டால் வரும் கிளர்வு ஆற்றலுக்குப் பொருளே இல்லை.

எழுத்துருவும் குறிகளும் செய்யும் சேதம் தனிக்கதை. உலர்பனியும் அசிட்டோனும் கலந்த தொட்டியில் −78 டிகிரி செல்சியஸில் வினை நடக்கிறது. கழித்தல் குறிக்குப் பதில் சாதாரண ஹைஃபன் போட்டிருந்தால், வரி உடையும்போது ஹைஃபன் மேல் வரியின் கடைசியில் தங்கிவிட்டு, 78 டிகிரி மட்டும் கீழ் வரியின் முதலில் வந்து நிற்கும். வாசிப்பவர் கண்ணில் படுவது 78 டிகிரி. 10-இன் 3 அடுக்கு, மேலெழுத்து அமைப்பு கலைந்தால் 103 ஆகிவிடும். இவை வேதியியலில் ஒரு சோதனையைத்தான் கெடுக்கும். குழந்தைகள் அறுவைசிகிச்சையில் கெடுவது அதைவிடப் பெரிது. ‘சிம்பல்’ எழுத்துருவில் கிரேக்க மியூ எழுத்து, ஆங்கில எம் விசையில் உட்கார்ந்திருக்கிறது. கோப்பை மாற்றும்போது அந்த எழுத்துரு உதிர்ந்தால் மியூ வெறும் எம் ஆகிறது. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அறுவைசிகிச்சையில் தரும் வலிநீக்கி ஃபென்டனில் உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்பது 1 மில்லிகிராம் என்று அச்சானால் ஆயிரம் மடங்கு. அதனால் மருத்துவக் கட்டுரை எதுவானாலும், எடிட்டிங்கை ஆரம்பிக்கும் முன் மூலக் கோப்பின் பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து, மருந்தளவு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்ப்பது கட்டாயம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், டெலிவரி நேரம் நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவது அந்த வேலைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணும் கால்குலேட்டரும் இருந்தால் நடக்கும். இவற்றுக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது; மூன்று துறைக்கும் அது பொது. இந்தக் கட்டுரையில் ‘ஒன்று’ என்று எண்ணப்படுவது எது?

ஆறு குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பயிற்சி வேளைகள், மொத்தம் 48 அளவீடுகள் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 24, பழைய முறையில் 24. கட்டுரையில் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையின் ‘டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம்’, அதாவது எத்தனை தனித்தனிச் சான்றுகளை நம்பிக் கணக்குப் போட்டார்கள் என்று காட்டும் எண், 46 என்று இருக்கிறது. 48-இலிருந்து 2 கழித்து வந்தது அந்த 46. அதாவது 48 வெவ்வேறு குதிரைகள் வந்து போனது போலக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பதற்றமான குதிரை எட்டு வேளையும் பதறத்தான் செய்யும். அது எட்டுச் சாட்சிகள் ஆகாது. ஒவ்வொரு குதிரைக்கும் முறைக்கு ஒரு சராசரி எடுத்து இரண்டு முறைகளையும் ஜோடியாக ஒப்பிட்டால் அந்த எண் 5-ஆகச் சுருங்கும். அதோடு ‘பெரிய வித்தியாசம்’ என்ற முடிவும் சுருங்கக்கூடும். புள்ளியியல் படிக்காதவரும் 46-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ உதைக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

வினையூக்கியில் இதே ஓட்டை வேறு உருவத்தில். ‘மூன்று முறை அளக்கப்பட்டது, பிழை 0.3 சதவீதம்’ என்று இருக்கும். மூன்று முறை எதை? ஒரே குடுவையில் நடந்த வினையிலிருந்து எடுத்த மாதிரியை, கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் மூன்று முறை செலுத்தினார்களா? மூன்று குடுவைகளில் மூன்று முறை வினையை நடத்தினார்களா? வினையூக்கித் தூளையே மூன்று முறை தனித்தனியாகத் தயாரித்தார்களா? முதலாவது கருவி சரியாக ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. மூன்றாவதுதான் அந்தத் தூளை இன்னோர் ஆய்வகம் தயாரித்தாலும் வேலை செய்யுமா என்பதை ஓரளவாவது சொல்லும். பிழை அளவு நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால், பெரும்பாலும் அது முதல் வகைதான்.

ஒப்புதல் ஆய்வில் எண்ணும் அலகு குடும்பம். நாற்பது குழந்தைகள், அம்மாவும் அப்பாவும் தனித்தனியாகக் கேள்வித்தாளை நிரப்பினார்கள், மொத்தம் 80 பேர். ஆனால் இருவரும் மருத்துவர் விளக்கியபோது ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். வெளியே வந்து பேசிக்கொண்டவர்கள். அவர்களுடைய பதில்கள் தனித்தனியானவை அல்ல. இன்னும் ஒரு படி போனால், அந்த நாற்பது பேருக்கும் விளக்கியது இரண்டே மருத்துவர்கள் என்றிருக்கும். அப்போது ஆய்வு அளப்பது புதிய ஒப்புதல் படிவத்தையா, அந்த இருவரில் ஒருவரின் பேச்சுத் திறமையையா? இதற்குத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. எத்தனை பேர் விளக்கினார்கள் என்ற எண் கட்டுரையில் இல்லையே என்று கேட்பது எங்கள் வேலை.

சதவீதத்துக்கும் இதே சோதனை பொருந்தும். 37 பெற்றோரில் 45.0 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் நினைவிருந்தன என்றால், முழு மனிதர்களைக் கொண்டு அந்த எண் வராது. 16 பேர் என்றால் 43.2, 17 பேர் என்றால் 45.9. யாரோ பதில் சொல்லாமல் விட்டதால் வகுத்த எண் 37 அல்ல, அல்லது சதவீதமே தவறு.

குதிரை ஆராய்ச்சியில் எல்லோரும் சொல்லும் பழைய கதை ஹான்ஸ். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் வளர்த்த அந்தக் குதிரை, கூட்டல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை ஆஸ்கர் ஃபங்ஸ்ட் 1907-இல் காட்டினார். கேட்பவர் தன்னையறியாமல் செய்யும் தலையசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. வேதியியலுக்கும் தன் ஹான்ஸ் உண்டு. இரண்டு கரிம மூலக்கூறுகளை இணைக்கும், வழக்கமாகப் பல்லேடியம் தேவைப்படும் சுசுகி வினை, உலோகமே இல்லாமல் நடக்கிறது என்று 2003-இல் அறிவித்த லெட்பீட்டர் குழு, 2005-இல் தானே மறுபரிசீலனை செய்தது: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு ஒட்டியிருந்த பல்லேடியம்தான் வேலை செய்தது. ஆகவே ‘உலோகம் இல்லாத’ என்ற சொல் தலைப்பில் வந்தால், வினைப்பொருள்கள் எந்தக் கம்பெனியுடையவை, எவ்வளவு தூய்மை, உலோக மாசு அளக்கப்பட்டதா என்று பார்க்கிறோம். குதிரைக் கட்டுரையில், வீடியோ பார்த்து நடத்தைக்கு மதிப்பெண் போட்டவருக்கு எது எந்தக் குழு என்று தெரியுமா என்று பார்க்கிறோம். ஒப்புதல் கட்டுரையில், பெற்றோருக்குப் புரிந்ததா என்று கேட்டது விளக்கிய அதே மருத்துவரா என்று பார்க்கிறோம். தன் குழந்தையை அறுக்கப் போகிறவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

நெறிமுறைப் பத்தி மருத்துவக் கட்டுரைகளில் சில வரிகள்தான், ஆனால் சிக்கல் அங்கேதான் அதிகம். குழந்தைக்கு அறுவைசிகிச்சை செய்யத் தந்த ஒப்புதல் ஒன்று. ஆய்வில் சேர்க்கத் தந்தது வேறு. படத்தை வெளியிடத் தந்தது மூன்றாவது. ‘பெற்றோரிடம் ஒப்புதல் பெறப்பட்டது’ என்ற ஒரே வரி மூன்றையும் விழுங்கிவிடும். எதற்கு என்று கேட்க வேண்டும். இந்திய ஆய்வானால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை இருக்கிறது: 7 முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவு, அதைப் பதிவு செய்ய வேண்டும், 12 முதல் 18 வரை எழுத்தில். கட்டுரையில் குழந்தைகளின் வயது 5 முதல் 15 என்று இருந்து இசைவு பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் அது ஒரு கேள்வி. நெறிமுறைக் குழு அனுமதித்த தேதியையும் முதல் குழந்தையைச் சேர்த்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னொன்று.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி. ‘தயவுசெய்து சரிபார்க்கவும்’ என்று ஓரத்தில் எழுதினால் கட்டுரையாளர் ‘ஓகே’ என்று எழுதி அனுப்பிவிடுவார். எது ஓகே என்று யாருக்கும் தெரியாது. ‘வினையூக்கி 0.5 மோல் சதவீதம் என்றால் டர்ன்ஓவர் எண் 184 வருகிறது. அட்டவணை 3-இல் 1840 உள்ளது. திருத்த வேண்டியது வினையூக்கியின் அளவா, டர்ன்ஓவர் எண்ணா?’ என்று கேட்டால் அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். கேள்விகள் இருபதைத் தாண்டினால் பதில்களின் தரம் சரிகிறது. அதனால் காற்புள்ளி, பெரிய எழுத்து போன்றவற்றை இதழின் எழுத்து நடை விதிகள் அடங்கிய ஸ்டைல் ஷீட்டைப் பார்த்து நாங்களே முடித்துவிட்டு, எண்ணும் மருந்தளவும் ஒப்புதலும் பற்றிய கேள்விகளை மட்டும் அனுப்புகிறோம். பதில் வராத கேள்வி இதழின் ஆசிரியர் குழுவுக்குப் போகும். 184 என்று கணக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அங்கிருந்து பதில் வரும் வரை அட்டவணையில் 1840 அப்படியே நிற்கும்.